கல்விக் கடனும் கிராமத்து முதுகுவலியும்

பின்தங்கிய பிரதேசங்களில் பணியாற்ற வைத்தியர்கள் முன்வருவதில்லை என்பது வறிய நாடுகளுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. செல்வம் கொழிக்கும் ஐக்கிய அமெரிக்காவிலும் அது பல தசாப்தங்களாகத் தீராத தலையிடியாகவே இருந்து வருகின்றது. பொதுவாக 3,500 பேருக்கு ஓர் ஆரம்ப சிகிச்சை வைத்தியர் கூட இல்லாத பகுதிகளைப் பற்றாக்குறைப் பிரதேசங்கள் என அந்நாட்டு அரசு வகைப்படுத்துகின்றது.

இத்தகைய இடங்களுக்கு ஆட்களை அனுப்புவதற்கெனவே 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய சுகாதார சேவைப் படையணி தோற்றுவிக்கப்பட்டது. கடன் மீளளிப்புத் திட்டம் 1987 இல் அதனுடன் இணைக்கப்பட்டது. அங்கு பட்டத்துடன் பெருங்கடனையும் சுமந்தே மாணவர்கள் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறுகின்றனர். அக்கடன் அவர்களை வருமானம் கூடிய நகரங்களை நோக்கித் தள்ளுகின்றது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் பற்றாக்குறைப் பிரதேசத்தில் சேவையாற்ற உடன்படுபவரின் கடனை, குறித்த எல்லை வரை, அரசே செலுத்தும். இதனைத் தானம் என்று எவரும் கருதிவிட வேண்டியதில்லை. இடையில் விலகுபவர், எஞ்சிய காலத்துக்குரிய பணத்துடன், சேவையாற்றாத ஒவ்வொரு மாதத்துக்கும் 7,500 டொலர் வீதம் தண்டமும் வட்டியும் செலுத்தியாக வேண்டும்.

இத்திட்டத்தின் வாசலில் நிற்பவர்களே கைரோபிரக்டிக் சிகிச்சையாளர்கள். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கைகளால் சீர்செய்யும் இம்முறையை 1895 இல் அயோவா மாநிலத்தில் டானியல் டேவிட் பாமர் ஆரம்பித்தார். ஆங்கில வைத்தியத் துறையினர் அதனை நீண்டகாலம் ஏற்கவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் புறக்கணிப்பு நடவடிக்கை சட்டவிரோதமானது என 1987 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தமை இங்கு குறிப்பிடத்தக்கது.

2002 ஆம் ஆண்டுச் சட்டமொன்று இவர்களையும் மருந்தாளர்களையும் பரீட்சார்த்தமாகத் திட்டத்தில் சேர்க்க வழிவகுத்தது. ஆயின் அது நிலைக்கவில்லை. பல் வைத்தியர்கள், தாதியர்கள், உளவளத் துறையினர் ஆகியோர் இடம்பெறும் இன்றைய தகுதிப் பட்டியலில் இவர்கள் இல்லை.

வயலிலும் சுரங்கத்திலும் உழைப்பவனுக்கு முதுகுவலி புதிதல்ல. அருகில் வேறு சிகிச்சை இல்லாதவிடத்து அவனுக்குக் கிடைப்பது வலிநிவாரணி மாத்திரையே. அபின் சார்ந்த அம்மாத்திரைகள் அந்நாட்டுக் கிராமங்களில் விளைவித்த நாசம் உலகறிந்தது. சாதாரண இடுப்பு வலிக்கு முதலில் மருந்தல்லாத வழிகளையே நாட வேண்டும் என அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017 இல் பரிந்துரைத்தது. அவ்வழிகளுள் முதுகெலும்புச் சிகிச்சையும் ஒன்று.

அதற்காக இவர்களை வைத்தியருக்குப் பதிலீடாகக் கொள்ள முடியாது. காய்ச்சலுக்கோ நீரிழிவுக்கோ பிரசவத்துக்கோ இவர்களிடம் பரிகாரமில்லை. பற்றாக்குறையைக் கணிக்கும்போது இவர்களைக் கணக்கிற் சேர்க்கலாகாது என 2002 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததும் இதனாலேயே. இவர்களுக்கு வாசலை மீண்டும் திறப்பதாயின், வைத்தியர் ஒருவர் ஏற்கெனவே கடமையாற்றும் சிகிச்சை நிலையங்களுக்கே இவர்களை அனுப்புவது பொருத்தமானதாகும்.