தூரிகையின் வேர்

நீர்வண்ணமும் எண்ணெய் வண்ணமும் உலரும் முறையால் முற்றிலும் வேறுபட்டவை. நீர்வண்ணத்தில் நீர் ஆவியாகிவிடும்; நிறத்தூளும் பிசினும் தாளில் தங்கும். மீண்டும் நீர் பட்டால் அப்பிசின் இளகிக் கொடுக்கும். எண்ணெய் வண்ணத்தில் நிகழ்வது வேறு. நிறத்தூளைப் பிணைத்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, தன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, தோல்போல் இறுகுகிறது. மெல்லிய பூச்சுக்குச் சில நாள்கள் போதும். தடித்த பூச்சு உள்வரை இறுகப் பல மாதங்கள் ஆகலாம். இறுகிய பின்னர் நீரும் சோப்பும் அதனைக் கரைக்க இயலாது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் தீட்டப்பட்ட ஓவியங்கள் இன்றும் ஒளிர்வதற்கு இவ்வியல்பு பெருங்காரணம். அதே வண்ணம் கித்தானில் அன்றித் தூரிகையில் இறுகுமாயின் அத்தூரிகை மடிந்துவிடும். எண்ணெய் வண்ணம் பயிலத் தொடங்கும் மாணவர் பலர் முதல் மாதத்திலேயே நல்ல தூரிகைகளை இழப்பது இதனால்தான்.

மறைந்திருக்கும் பகுதி

மயிர்க்கற்றை, அதனை இறுகப் பற்றியிருக்கும் உலோகப் பூண், மரக்காம்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே தூரிகை. உலக்கையின் முனையில் பூண் செய்யும் காவலையே இங்கும் பூண் செய்கிறது. மயிர்க்கற்றையின் அடிப்பகுதி பூணுக்குள் பசையால் ஒட்டப்பட்டு மறைந்திருக்கும். அதனைத் தூரிகையின் வேர் எனலாம். தூரிகைகள் நுனி தேய்ந்து கெடுவதைக் காட்டிலும் வேரில் வண்ணம் புகுந்து கெடுவதே மிகுதி. அங்கே இறுகிய வண்ணம் மரத்தில் அறைந்த ஆப்புப்போல் மயிர்களை விலக்கிவிடுகிறது. குவிந்திருந்த நுனி துடைப்பம்போல் விரிகிறது. அதன்பின் எவ்வளவு கழுவினும் பழைய வடிவம் திரும்புவதில்லை.

காம்பின் நீளத்திற்கும் காரணம் உண்டு. நீர்வண்ண ஓவியர் பெரும்பாலும் தாளின்மேல் குனிந்து தீட்டுவர். எண்ணெய் வண்ண ஓவியர் ஓவியத் தாங்கியின் முன் நின்று, கையை நீட்டி, முழு ஓவியத்தையும் ஒரே பார்வையில் அளந்தவாறு தீட்டுவர். காம்பு நீண்டிருப்பது அதற்காகவே. அதன் நுனியை எழுதுகோல்போல் பூணருகே பற்றுவது அந்த வசதியை வீணாக்குவதாகும்.

பன்றி மயிரின் சிறப்பு

எண்ணெய் வண்ணம் கெட்டியானது, வெண்ணெய்போல் திரண்டிருப்பது. அதனை அள்ளித் துணியின்மேல் தள்ளுவதற்கு விறைப்பான மயிர் வேண்டும். இப்பணிக்குப் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்டுவருவது பன்றி மயிர். மற்ற விலங்குகளின் மயிர் நுனியில் கூர்ந்து முடிய, பன்றி மயிரோ நுனியில் இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். அப்பிளவுகள் வண்ணத்தை மிகுதியாகத் தாங்கிக்கொள்ளும். மேலும் பன்றி மயிர் இயல்பிலேயே சற்று வளைந்திருப்பது. தேர்ந்த கைவினைஞர், வளைவுகள் உள்நோக்கி அமையுமாறு மயிர்களைக் கோத்துக் கட்டுவர். அவ்வாறு கட்டிய தூரிகை நனைந்தாலும் விரியாது. அழுத்தினால் வளைந்து, விட்டால் நிமிரும்.

1400ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் வாழ்ந்த சென்னினோ சென்னினி என்னும் ஓவியர், ஓவியக் கைவினை பற்றி எழுதிய நூலில் தூரிகை செய்யும் முறையையும் விளக்கியுள்ளார். வெள்ளைப் பன்றியின் மயிரை ஒரு கோலில் பெருங்கற்றையாகக் கட்டி, முதலில் அதனைக் கொண்டு சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும். மயிர் பதப்பட்ட பின்னர் அவிழ்த்து, வேண்டிய அளவுகளில் சிறு தூரிகைகளாகக் கட்ட வேண்டும் என்பது அவர் கூறும் முறை. மென்மையான தூரிகைகளுக்கு அணில்வால் மயிரைப் பறவை இறகின் குழல்தண்டில் செருகியுள்ளனர். இறகின் தண்டு உருண்டையானது. ஆதலால் அக்காலத் தூரிகைகளும் உருண்டையாகவே இருந்தன. தகட்டால் பூண் செய்யும் முறை 19ஆம் நூற்றாண்டில் பரவிய பின்னரே தட்டைத் தூரிகை எங்கும் கிடைக்கலாயிற்று. பிரெஞ்சு நாட்டு ஓவியர்கள் திறந்தவெளியில் சிறுசிறு கட்டங்களைப்போல் வண்ணத்தை ஒற்றியெடுத்துத் தீட்டிய புதுமுறைக்கு, 1841இல் ஜான் ராண்ட் உருவாக்கிய தகரக்குழாய் வண்ணம் துணைநின்றதுபோலவே இத்தட்டைத் தூரிகையும் துணைநின்றது. பூண் தட்டையானதும் கோடும் தட்டையானது.

மயிரின் தன்மை ஓவியத்தில் நேரே பதிவதை வான்கோவின் படைப்புகளில் காணலாம். அவர் தீட்டிய வயல்களிலும் வானத்திலும் ஏர் உழுத சால்போல் வரிவரியாக எழுந்து நிற்பவை விறைத்த மயிர் விட்டுச்சென்ற தடங்கள். தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களில் அவர் வண்ணத்தையும் கித்தானையும் கேட்பதோடு தூரிகைகளையும் கேட்டிருக்கிறார். இதற்கு எதிர்முனையில் நிற்பவர் இராஜா இரவிவர்மா. 1873ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்ற அவ்வோவியரின் படங்களில் முகத்தின் மென்மையும் பட்டுச்சேலையின் பளபளப்பும் தூரிகைத் தடமே தெரியாதவாறு குழைந்து நிற்கும். 1868இல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் தீட்டுவதை அருகிருந்து பார்க்க மட்டுமே இளைஞர் இரவிவர்மாவுக்கு வாய்ப்புக் கிட்டியது. எண்ணெய் வண்ணத்தைக் கையாளும் முறையை அவர் பெரிதும் கண்ணால் கற்றார்.

கீரியும் சட்டமும்

குழைவுக்கும் நுண்கோட்டுக்கும் மென்மயிர் தேவை. ஐரோப்பிய மரபில் இதற்குப் பெயர்பெற்றது கோலின்ஸ்கி சேபிள் என வணிகர் அழைக்கும் மயிர். மெலிந்த உடலுடைய சிறு ஊனுண்ணியான சைபீரிய வீசலின் வால்மயிரே அது. நீரில் நனைத்து உதறினால் ஊசிமுனையாகக் கூடும். விலையோ மிக உயர்வு. இந்தியாவில் அதனிடத்தைப் பெற்றது கீரி மயிர். விறைப்பும் மென்மையும் ஒருங்கே அமைந்திருப்பதால் ஓவியர்கள் அதனை விரும்பினர். அவ்விருப்பம் கீரியினத்திற்கே கேடாயிற்று. ஆட்டின் உரோமத்தைக் கத்தரிப்பதுபோல் கீரியின் மயிரைக் கத்தரித்துவிட்டு அதனை மீண்டும் காட்டில் விடுவோர் எவருமில்லை. பொறிவைத்துப் பிடித்து, கொன்று, மயிரைப் பறிக்கின்றனர். ஓர் உயிரிடமிருந்து கிடைப்பது சில தூரிகைகளுக்குரிய மயிரே. வயலில் எலியையும் பாம்பையும் பிடித்து உழவர்க்கு உதவும் விலங்கு, ஓவிய மேசையில் ஒரு மெல்லிய கோட்டுக்காக மடிகிறது.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கீரியைக் காக்கிறது. அதனை வேட்டையாடுவதும் அதன் மயிரையோ மயிராலான தூரிகையையோ விற்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். 2019இல் வனவுயிர்க் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் நாட்டின் பல இடங்களில் ஒரே வேளையில் இதற்கெனச் சோதனைகள் நடத்தியது. ஆயினும் பெயரிடப்படாத தூரிகைகளாக இவை கடைகளில் தென்படுவதுண்டு. கீரியின் ஒவ்வொரு மயிரிலும் கருநிறப் பட்டையும் வெளிர்நிறப் பட்டையும் மாறிமாறி அமைந்திருக்கும். அத்தகைய வரிநிறத்தோடு, எந்த மயிர் என்பதைக் குறிப்பிடாமல் விற்கப்படும் தூரிகையை ஐயத்துடன் நோக்க வேண்டும். கேட்டால் கடைக்காரர் தயங்குவாராயின் வாங்காமல் திரும்புவதே தக்கது.

மாற்று இல்லாமலில்லை. நைலான் 1935இல் கண்டறியப்பட்டது; 1938இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்த நைலான் பொருள் காலுறையன்று, பல்துலக்கும் தூரிகையே! இன்று நைலானும் பாலியெஸ்டரும் நுனி கூர்ந்த இழைகளாக நூற்கப்படுகின்றன. தொடக்கநிலை மாணவர்க்கு இவை முற்றிலும் போதுமானவை. கெட்டி வண்ணத்தை அள்ளுவதில் பன்றி மயிருக்கு இவை முழுதும் ஈடாகா என்பது உண்மை. ஆனால் கீரி மயிர் செய்த பணியை இவை குறைவின்றிச் செய்கின்றன.

வாங்கும்போது

எண்களை நம்பித் தூரிகை வாங்குதல் ஏமாற்றம் தரும். ஒரு நிறுவனத்தின் 6ஆம் எண்ணும் மற்றொரு நிறுவனத்தின் 6ஆம் எண்ணும் ஒரே அளவினவாக இருக்க வேண்டியதில்லை. கையில் எடுத்து நோக்குவதே வழி. மயிரை மெல்ல இழுத்தால் உதிரலாகாது. பூண் இணைப்பின்றி, காம்போடு அசையாமல் பொருந்தியிருக்க வேண்டும். புதுத் தூரிகையின் நுனி அழகாகக் கூர்ந்திருப்பது பசையூட்டியதாலும் இருக்கலாம். பசையை உதிர்த்தபின், விரலால் வளைத்து விட்டால் நிமிர்கிறதா என்று காண வேண்டும். இருபது மலிவான தூரிகைகளினும் ஐந்தாறு நல்ல தூரிகைகள் மேல். பரப்பை நிரப்ப அகன்ற தட்டை ஒன்று, நடுத்தரத் தட்டை இரண்டு, முனை வளைந்த தட்டை ஒன்று, உருண்டை ஒன்று, நுண்கோட்டுக்கு மென்னிழையாலான மெல்லிய தூரிகை ஒன்று ஆகியவை முதலாண்டுக்குப் போதும். விசிறித் தூரிகை கண்ணைக் கவரும். ஆனால் அதற்கு வேலை குறைவு.

தூய்மை செய்தல்

தூரிகையின் பராமரிப்பு தீட்டும்போதே தொடங்குகிறது. மயிரின் நீளத்தில் பாதிக்கு மேல் வண்ணத்தில் தோய்க்காமலிருந்தால் வேருக்கு வண்ணம் ஏறாது. வண்ணங்களைத் தட்டில் கலப்பதற்குத் தூரிகையைத் தவிர்த்து வண்ணக்கத்தியைக் கொள்வதும் இதன்பொருட்டே.

பணி முடிந்ததும் முதலில் வேண்டியது டர்பன்டைன் அன்று, பழந்துணி. பூணிலிருந்து நுனிநோக்கி அழுத்தித் துடைத்தால் வண்ணத்தின் பெரும்பகுதி துணிக்கு வந்துவிடும். பின்னர்ச் சிறிதளவு டர்பன்டைனில் அலசி, மீண்டும் துடைக்க வேண்டும். அதன் ஆவி தலைவலியையும் மூச்சுத் தொல்லையையும் தரக்கூடியது. சன்னல் திறந்திருத்தல் இன்றியமையாதது. பயன்படுத்திய டர்பன்டைனைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றலாகாது. மூடிவைத்தால் ஓரிரு நாளில் நிறத்தூள் அடியில் படியும். தெளிந்ததை மேலாக இறுத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

அடுத்தது சோப்பு. உள்ளங்கையில் சோப்பைத் தேய்த்து, ஈரத் தூரிகையை அதன்மேல் வட்டமாகச் சுழற்ற வேண்டும். நுரையில் நிறம் தெரியும்வரை அலசலும் சுழற்றலும் தொடரும். பூணின் ஓரத்தில் விரல்நகத்தால் மெல்ல நெருடினால், தூய்மையாகிவிட்டது என்று எண்ணிய தூரிகையிலிருந்தும் நீலமோ சிவப்போ கசிந்து வரும். வேரில் ஒளிந்திருந்த வண்ணம் அது. வெந்நீர் கூடாது, பூணுக்குள் உள்ள பசையை இளக்கிவிடும். நுரை வெண்மையானபின் நீரைப் பிழிந்து, விரலால் நுனியைப் பழைய வடிவுக்குக் குவித்து, படுக்கவைத்து உலர்த்த வேண்டும். நுனி மேல்நோக்க நிறுத்தினால் நீர் வேருக்குள் இறங்கும். டர்பன்டைன் குவளையில் நுனி கீழாக ஊன்றி இரவெல்லாம் விட்டுவைப்பதோ எல்லாவற்றினும் கேடு. மயிர் ஒருபுறமாக வளைந்து அப்படியே நின்றுவிடும்.

நுனியைக் கூர்மையாக்க உதட்டில் வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஈயவெள்ளை, காட்மியம் போன்ற நச்சுப்பொருள்கள் வண்ணங்களில் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதனை அறவே விட வேண்டும்.

துடைத்த துணிகளும் கவனத்திற்குரியவை. எண்ணெய் ஆக்சிஜனோடு கூடும்போது வெப்பம் பிறக்கிறது. துணிகளைக் குவியலாக எறிந்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, தீப்பொறி எதுவும் படாமலே பற்றிக்கொள்ளக்கூடும். அவற்றைத் தனித்தனியே விரித்து உலர்த்துவதோ, நீர் நிறைந்த மூடியுள்ள தகரக்கலத்தில் இடுவதோ பாதுகாப்பு. கோடைக்காலத்தில் தகரக்கூரை வேய்ந்த வகுப்பறைகளில் இது மறக்கத்தகாதது.

நெடுநாள் பயன்படுத்தாத மயிர்த் தூரிகைகளை அந்துப்பூச்சி அரிக்கும். சென்னினி காலத்தில் மென்மயிரின்மேல் களிமண்ணையோ சுண்ணத்தையோ குழைத்துப் பூசிவைத்தனர். இன்று முற்றிலும் உலர்ந்த தூரிகைகளை மூடியுள்ள பெட்டியில் அந்துருண்டையோடு வைத்தால் போதும். ஈரத்தோடு மூடினால் மழைக்காலத்தில் பூசணம் படரும்.

இவ்வளவு காத்தும் தூரிகை ஒருநாள் தேயத்தான் செய்யும். அப்போதும் ஓவியர் அதனை எறிவதில்லை. நுனி விரிந்த பன்றிமயிர்த் தூரிகை இலைத்தொகுதிகளையும் பாறையின் சொரசொரப்பையும் உலர்ந்த பூச்சின்மேல் மெல்லிய ஒளியையும் தேய்த்துக் காட்டுவதற்குப் புதுத் தூரிகையைவிட ஏற்றது. முற்றிலும் கட்டையாகிப்போனதோ கித்தானுக்கு முதற்பூச்சுப் பூசப் பயன்படும்.