வையவிரிவு வலை: பொதுச் சொத்து என்ற நோக்கில் ஓர் அறிமுகம்

இணையம், வையவிரிவு வலை ஆகிய இரு பதங்களையும் ஒருபொருட் சொற்களாகக் கையாள்வது நம்மிடையே பெருவழக்காகிவிட்டது. கல்வியாளரும் இதற்கு விதிவிலக்கல்லர். எனினும் இரண்டையும் வேறுபடுத்தி நோக்காதவிடத்து, அவற்றின் வரலாற்றையோ அவை யாருடைய உடைமை என்னும் வினாவையோ நாம் தெளிவாக விளங்கிக்கொள்ளல் இயலாது.

இணையம் என்பது கணினி வலையமைப்புகளின் வலையமைப்பாகும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் 1969இல் இயங்கத் தொடங்கிய ஆர்ப்பாநெற் அதன் முன்னோடி. இதில் தரவு சிறு பொதிகளாகப் பகுக்கப்படுகின்றது. ஒவ்வொரு பொதியும் தான் சேரவேண்டிய கணினியின் எண்ணைத் தாங்கிச் செல்கின்றது. அவை வெவ்வேறு வழிகளிற் சென்றாலும் சேருமிடத்தில் மீள ஒழுங்குபடுத்தப்படுகின்றன. இதற்கான ரீ.சி.பி./ஐ.பி. நடப்பொழுங்குக்கு ஆர்ப்பாநெற் 1983 சனவரி 1ஆந் திகதி மாறியது. இன்றைய இணையமும் அதன்மீதே நிற்கின்றது.

வலையோ இவ்வடித்தளத்தின் மேல் எழுந்த கட்டுமானங்களுள் ஒன்று, மின்னஞ்சல் இன்னொன்று. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ண் ஆய்வு நிறுவனத்தில் பல நாட்டு ஆய்வாளர்கள் வந்துபோவதால் தகவல்கள் தொலைந்துபோவதைத் தவிர்க்கும் பொருட்டு, ரிம் பேர்ணர்ஸ்-லீ 1989 மார்ச்சில் ஒரு முன்மொழிவை வைத்தார். 1990 இறுதியில் முதலாவது சேவையகமும் உலாவியும் இயங்கின. வலையின் மூலக்கூறுகள் மூன்று: ஆவணத்தின் அமைப்பைக் குறிக்கும் எச்.ரி.எம்.எல். மொழி, ஆவணம் இருக்குமிடத்தைச் சுட்டும் முகவரி, அதனைக் கேட்டுப் பெறுவதற்கான எச்.ரி.ரி.பி. நடப்பொழுங்கு.

பேராதனையில் இருக்கும் மாணவர் ஒருவர் பழைய சஞ்சிகையொன்றைத் தேடி 'நூலகம்' எண்ணிம நூலகத்தின் முகவரியைத் தட்டச்சு செய்கின்றார் எனக் கொள்வோம். முதலில் அப்பெயர், பெயர் முறைமையினூடாக ஓர் எண்ணாக மாற்றப்படுகின்றது. அவ்வெண்ணுக்குரிய சேவையகத்திடம் உலாவி பக்கத்தைக் கேட்கின்றது. சேவையகம் அனுப்புவது குறியீடுகளோடு கூடிய எழுத்துவடிவமே. அதனை வாசித்துத் திரையில் வரைவது உலாவியின் பணி. படங்கள் தனித்தனியே கேட்டுப் பெறப்படுகின்றன. பக்கத்திலுள்ள இணைப்பு மற்றோர் ஆவணத்துக்கு இட்டுச்செல்கின்றது. அவ்விணைப்பை இடுவதற்கு எவரது அனுமதியும் வேண்டியதில்லை.

இச்சுதந்திரம் தொழில்நுட்பத்தின் இயல்பிலிருந்து மட்டும் பிறந்ததன்று. அக்காலத்தில் வலைக்குப் போட்டியாக விளங்கிய கோபர் முறைமையை உருவாக்கிய மினசோட்டாப் பல்கலைக்கழகம், தனது சேவையக மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் அறவிடப்போவதாக 1993இல் அறிவித்தது. பயனாளர் பலர் அதிலிருந்து விலகினர். அதே ஆண்டு ஏப்பிரல் 30ஆந் திகதி, ஐரோப்பிய அரசுகளின் பொதுநிதியில் இயங்கும் சேர்ண், வலை மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தப் பொதுவில் விட்டது. வலை வென்றமைக்கு அதன் நுட்பச் சிறப்போடு இவ்வுடைமைத் தீர்மானமும் காரணம் என்பதை நாம் மறத்தலாகாது.

2005இல் தொடங்கிய 'நூலகம்' முயற்சி, யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியுண்ட சமூகத்தின் எழுத்துகளைத் திரட்டி எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருப்பது இப்பொதுமையின் மீதேயாகும். ஆனால் நடப்பொழுங்குகள் பொதுவாயிருப்பினும், கடலடி வடங்களும் தரவு நிலையங்களும் தேடுபொறிகளும் பெரும்பாலும் பெருமூலதனத்தின் கைகளிலேயே உள்ளன. பொதுநிலத்தைச் சுற்றி வேலி எழும் வரலாறு நமக்குப் புதிதன்று. எது பொது, எது வேலி எனப் பிரித்தறிவதே வலையைக் கற்பதன் முதற் பயன் என்பது எமது கருத்து.