தண்டனைக்கு அப்பால் ஒரு கதவு: கல்லூரிகளின் போதைத் தடை விதிகளும் கருணாபுரமும்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்திய உழைப்பாளிகள். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பட்டப்படிப்பு வரையிலான கல்விச் செலவையும் விடுதிச் செலவையும் ஏற்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்ததால், அந்தப் பிள்ளைகள் ஆண்டுதோறும் கல்லூரிகளுக்குள் நுழைய இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களுக்குக் கற்பிப்போருக்கும் மது, போதைப்பொருள் தொடர்பாக எத்தகைய விதிகள் பொருந்துகின்றன, அவற்றில் எது விடுபட்டிருக்கிறது என்பதைக் கல்வி நிறுவனங்கள் இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் அடுக்குகள்

கல்லூரியின் ஒழுங்கு விதிகளுக்கு மேலே நாட்டின் சட்டங்கள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்பது குற்றம் என்பதால், இளநிலை மாணவர்களுள் பெரும்பகுதியினர் வளாகத்திற்கு வெளியிலும் மது வாங்க உரிமையற்றவர்களே. 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகள், மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கல்வி நிறுவனங்களிலிருந்து 50 மீட்டருக்குள்ளும், பிற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை திறப்பதைத் தடுக்கின்றன. அதே ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய புகையிலைப் பொருள்கள் சட்டம், கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கெஜத்திற்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், சிகரெட்டும் பிற புகையிலைப் பொருள்களும் விற்கத் தடை விதிக்கிறது.

கஞ்சா, அபின், ஹெராயின் போன்றவற்றுக்கு 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம் பொருந்தும். கைப்பற்றப்படும் அளவைக் கொண்டு தண்டனையை வகுக்கும் இச்சட்டத்தில், கஞ்சாவைப் பொறுத்தவரை 1 கிலோ வரை ‘சிறிய அளவு’ என்றும், 20 கிலோவுக்கு மேற்பட்டது ‘வணிக அளவு’ என்றும் கொள்ளப்படுகின்றன. முன்னதற்கு ஓராண்டு வரை சிறை விதிக்கலாம், பின்னதற்குக் குறைந்தது 10 ஆண்டுகள் கடுங்காவல் உண்டு. குற்றம் கல்வி நிறுவனத்திலோ அதன் அருகிலோ நடந்திருந்தால், குறைந்தபட்சத் தண்டனையினும் கூடுதலாக விதிக்க அதை ஒரு காரணமாக நீதிமன்றம் கருதலாம் என்று 32பி பிரிவு கூறுகிறது.

பணியாளர்களுக்கான விதிகள்

மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964, தம் 22ஆம் விதியில், பணி நேரத்தில் போதையில் இருத்தல், பொது இடத்தில் மது அருந்துதல், போதை நிலையில் பொது இடத்தில் தோன்றுதல் ஆகியவற்றைத் தடுக்கின்றன. மாநில அரசுக் கல்லூரிகளின் ஆசிரியர்களும் அலுவலர்களும் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். மாணவருக்கு இடைநீக்கமும் விடுதியிலிருந்து வெளியேற்றமும் நேர்வதுபோல், பணியாளருக்குத் துறைசார் விசாரணையும் பணியிழப்பும் வரை இவ்விதிகள் செல்லக்கூடும்.

ஆய்வகத்தில் இருக்கும் நஞ்சு

கருணாபுரத்தில் உயிர் பறித்த மெத்தனால், வேதியியல் ஆய்வகங்களில் கரைப்பானாக அன்றாடம் பயன்படும் பொருள் என்பதைப் பல நிறுவனங்களின் போதை விதிகள் கருத்தில் கொள்வதில்லை. மதுவில் உள்ள எத்தனாலைப் போலவே நிறமற்றும் எளிதில் ஆவியாகியும் இருப்பதால், மெத்தனாலைக் குடிப்பவர் வேறுபாட்டை உணர்வதில்லை. கல்லீரலில் உள்ள நொதிகள் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. அந்த அமிலம் இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது. இம்மாற்றத்திற்குப் பல மணி நேரம் பிடிப்பதால், குடித்தவர் தொடக்கத்தில் நலமாகத் தோன்றி, மறுநாள் கண் மங்கி, மூச்சுத் திணறி விழுகிறார். ஃபோமெபிசோல் என்னும் முறிமருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிரைக் காக்க வல்லவை என்றாலும், அவை பயன்படுவது நோயாளி எவ்வளவு விரைவாக மருத்துவமனையை அடைகிறார் என்பதைப் பொறுத்தது. ஆகவே ஆய்வக மெத்தனாலையும் எரிசாராயத்தையும் பூட்டிய அலமாரியில் வைத்து, எடுத்த அளவையும் எடுத்தவர் பெயரையும் இருப்புப் பதிவேட்டில் எழுதுவது, வளாகத்தின் போதை விதிகளுள் ஒன்றாகவே எண்ணப்பட வேண்டும்.

சிகிச்சைக்கான வழி

கருணாபுர மரணங்களுக்குப் பின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க வழி செய்யப்பட்டது. காய்ச்சுபவரையும் விற்பவரையும் ஒடுக்க அக்கடுமை தேவை. ஆனால் விற்பவரை அஞ்சவைக்கும் சட்டமே குடித்தவரையும் அஞ்சவைத்தால், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர் வீட்டுக்குள்ளேயே கிடப்பார். விடுதி அறையில் மயங்கிய நண்பனைக் காப்பாளரிடம் காட்டத் தயங்கும் மாணவரின் நிலையும் இதுவே.

விற்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையிலான வேறுபாட்டை 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் சட்டமே உணர்ந்திருக்கிறது. போதைப்பொருள் பயன்பாட்டுக்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ குற்றம் சாட்டப்பட்ட, போதைக்கு அடிமையான ஒருவர் தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்கு நடத்தப்படாது என்று 64ஏ பிரிவு காப்பளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அக்காப்பு விலக்கப்படலாம். மது, போதைப்பொருள் மிகுபயன்பாட்டைச் சார்ந்த மனநிலைகளை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோய் என்பதன் வரையறைக்குள் சேர்த்திருப்பதால், அவற்றுக்குச் சிகிச்சை பெறுவது நோயாளியின் உரிமையாகிறது.

கல்லூரிகளில் அமைக்கப்பட்டுள்ள போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்கள் உறுதிமொழியோடும் பேரணியோடும் நின்றுவிடாமல் இந்த உரிமையை நடைமுறைப்படுத்த வேண்டும். ஆபத்தில் இருப்பவருக்காக உதவி கோரும் மாணவர்மீது ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்பதும், தாமே சிகிச்சை நாடும் பணியாளருக்கு விடுப்பும் பணிப் பாதுகாப்பும் உண்டு என்பதும் விதிப்புத்தகத்தில் எழுத்தாக இடம்பெற வேண்டும். விற்பவருக்குத் தண்டனை, அடிமைப்பட்டவருக்குச் சிகிச்சை, ஆபத்தில் உதவுபவருக்குப் பாதுகாப்பு என்னும் மூன்றையும் தனித்தனியே வகுத்துச் சொல்லும் விதியே, குடியால் தந்தையையோ தாயையோ இழந்து படிக்க வரும் பிள்ளைக்கு அந்தக் கல்லூரியை நம்பத்தக்க இடமாக்கும்.