சென்னை: ஏரிகளின் மேல் வளர்ந்த ஊர்

வரைபடத்தில் முதலில் நீல நிறத்தைப் பாருங்கள். கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு மூன்றும் கடலைச் சேரும் தட்டையான கரையோர நிலம் இது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டை கட்ட இடம் கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கோயிலும் குளமுமாகச் செழித்திருந்தன. 1688-இல் மாநகராட்சி அமைந்தது.

மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கமாக ஒரு பெரிய ஏரி நீண்டு கிடந்தது. வீட்டுமனைக்கு இடம் போதாமல் 1920-களில் அதன் மாம்பலம் பகுதியைத் தூர்த்தார்கள். தியாகராய நகர் பிறந்தது. நுங்கம்பாக்கம் பகுதியில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, ஏரி இல்லை.

வேலை இருந்த திசையெல்லாம் ஊர் நீண்டது. முதலில் துறைமுகமும் பஞ்சாலைகளும். 1955-இல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை, பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஸ்ரீபெரும்புதூரில் கார் ஆலைகள், பழைய மாமல்லபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள். 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது.

அந்த மென்பொருள் சாலையை ஒட்டித்தான் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கி வடிகிறது. குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் அதன் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நீர் தன் பழைய இடங்களுக்கே திரும்பி வந்தது. 2022-இல் பள்ளிக்கரணை ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

உங்கள் தெருவை இந்த வரைபடத்தில் தேடுங்கள். அங்கே முன்பு எந்த ஏரி, எந்த வாய்க்கால் இருந்தது என்று பாருங்கள்.