பூனை சினையாக இருக்கிறது... இனி என்ன செய்யலாம்?

“வீட்டை விட்டு வெளியே போகவே போகாதே டாக்டர், அப்புறம் எப்படி?”

வயிறு உப்பிய பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிவருகிறவர்கள் கால்நடை மருத்துவரிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்வி இது. “கடுவன்னு சொல்லித்தானே கொடுத்தாங்க!” என்று அதிர்ச்சியாகிறவர்களும் உண்டு. ஒரு மாதக் குட்டியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது பழக்கம் இல்லாதவர்களுக்குச் சிரமம்தான். ராஜா என்று பெயர் வைத்து வளர்த்தது திடீரென்று குட்டி போடுவது நம் ஊரில் புதிய கதை இல்லை.

அதிர்ச்சி அடங்கியதும் வீட்டில் பேச்சு கிளம்பும். கலைத்துவிடலாமா? குட்டி போட்டால் யார் பார்ப்பது? ஹவுஸ் ஓனர் என்ன சொல்வார்? இந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போகக் கூடாது. பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். நமக்கு விஷயம் தெரியவரும்போதே அதில் பாதி கழிந்திருக்கும்.

நாலு மாதத்திலேயே பருவம்

பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். நம் கண்ணுக்கு அது இன்னும் பந்தைத் துரத்தி விளையாடும் குட்டி. ஒருநாள் இரவு அடித்தொண்டையிலிருந்து கத்த ஆரம்பிக்கும். தரையில் உருளும். முதுகைத் தடவினால் முன்னங்கால்களை மடக்கி, பின்புறத்தைத் தூக்கி, வாலை ஒருபக்கம் ஒதுக்கி நிற்கும். வயிற்றுவலியோ என்று பயப்படத் தேவையில்லை, அது பருவத்தின் அறிகுறி. ஏறக்குறைய ஒரு வாரம் இப்படி இருக்கும். இணை சேராவிட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் மறுபடியும் வரும். குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் பூனைகளுக்குப் பருவம் வராது. நம் ஊரில் பகல்பொழுது அந்த அளவுக்குக் குறைவதில்லை என்பதால் ஆண்டு முழுக்கவே வரலாம்.

பூனைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. இணை சேர்ந்த பிறகுதான் அதற்குக் கருமுட்டை வெளிவரும். அதனால் சினை பிடிக்கும் வாய்ப்பு மிக அதிகம். சேர்க்கை ஒரு நிமிடம்கூட நீடிக்காது. பால்காரருக்குக் கதவைத் திறந்த நேரத்தில் மாடிப்படி ஏறியது போதும். ஒரே பருவத்தில் பல கடுவன்களோடு சேர்ந்தால் ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்கள் இருக்கலாம். ‘ரெண்டும் கூடப் பொறந்ததுங்க’ என்று கடுவனையும் பெட்டையையும் ஒன்றாக விடுவதும் ஆபத்து. அண்ணன் தங்கை உறவெல்லாம் பூனைக்குத் தெரியாது.

சேர்ந்து மூன்று வாரம் ஆனதும் காம்புகள் சற்றுப் பெருத்து, ரோஜா நிறத்துக்கு மாறும். ஐந்து வாரத்தில் வயிறு வெளியே தெரியும். உறுதிசெய்ய நாமே வயிற்றை அழுத்திப் பார்க்கக் கூடாது. மூன்று, நான்கு வாரத்தில் ஸ்கேன் சொல்லிவிடும். எத்தனை குட்டி என்று எண்ண, கடைசி இரண்டு வாரத்தில் எடுக்கும் எக்ஸ்ரே உதவும்.

முன்னால் இருப்பவை இரண்டு வழிகள்

முதல் வழி, சினையாக இருக்கும்போதே கருத்தடை அறுவை சிகிச்சை. கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் கருவோடு அகற்றிவிடுவார்கள். எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவுக்கு ரத்த இழப்பும் ஆபத்தும் குறைவு. பூனை மிகச் சிறியதாகவோ நோயாளியாகவோ இருந்தால், குட்டிகளுக்கு வீடு கிடைக்க வாய்ப்பே இல்லையென்றால், இது பொறுப்பான முடிவு. மனசு ஒப்பவில்லை என்றால் அதுவும் புரிந்துகொள்ளக் கூடியதே. அப்போது இரண்டாவது வழி: குட்டி போட விட்டு, ஒவ்வொரு குட்டிக்கும் வீடு தேடிக்கொடுப்பது.

எதைத் தேர்ந்தாலும் கைவைத்தியம் மட்டும் வேண்டாம். பப்பாளி, எள்ளு, மனிதர்களுக்கான கருக்கலைப்பு மாத்திரை எதுவும் கூடாது. காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால் மாத்திரையில் பாதி போதும், ஒரு பூனையைக் கொன்றுவிடும். பருவத்தைத் தள்ளிப்போடத் தரப்படும் ஹார்மோன் மாத்திரை, ஊசிகளாலும் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கவும் மார்பில் கட்டி வரவும் வாய்ப்பு உண்டு.

அட்டைப்பெட்டியும் பழைய வேட்டியும்

சினைப்பூனைக்கு, பால் கொடுக்கும் பூனைக்கு, குட்டிகளுக்கென்று விற்கும் உணவே பொருத்தம். அதில் சத்து அதிகம். வீட்டில் சமைப்பதானால் உப்பு, காரம், வெங்காயம் இல்லாமல் வேகவைத்த மீனும் கோழியும் தரலாம். வெறும் தயிர்சாதம் போதாது. பூச்சி மருந்து, தடுப்பூசி எல்லாம் மருத்துவரைக் கேட்டே.

நாள் நெருங்கும்போது ஆள்நடமாட்டம் இல்லாத, வெளிச்சம் குறைந்த மூலையில் ஓர் அட்டைப்பெட்டி வைத்து, பழைய வேட்டியை விரித்துவிடுங்கள். அதை விட்டுவிட்டு உங்கள் பீரோவுக்குள்தான் போவேன் என்று அது அடம்பிடிக்கலாம், தயாராக இருங்கள். சாப்பாட்டை ஒதுக்கி, இங்கும் அங்கும் அலைய ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பெரும்பாலும் தாயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். குட்டியை மூடியிருக்கும் சவ்வை நக்கிக் கிழிக்கும், தொப்புள்கொடியைக் கடித்து அறுக்கும், நஞ்சுக்கொடியைத் தின்னும். முதல் ஈற்றுப் பூனை சில சமயம் சவ்வைக் கிழிக்காமல் விட்டுவிடும். அப்போது மட்டும் நாம் தலையிடலாம். சுத்தமான கையால் குட்டியின் முகத்திலிருந்து சவ்வை விலக்கி, உலர்ந்த துண்டால் உடம்பைத் தேய்த்துவிட்டால் மூச்சு வாங்கிக் கத்தும். அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வரவில்லை, ரத்தம் நிற்காமல் போகிறது, முதல் குட்டிக்கு முன்பே பச்சையாகத் திரவம் வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பால் கொடுக்கும் நாட்களில் தாய்க்கு உடம்பு நடுங்கினாலோ விறைத்தாலோ அதுவும் அவசரம்தான். சுண்ணாம்புச் சத்து குறைந்ததால் இப்படி ஆகலாம்.

பிறக்கும்போது குட்டியின் எடை சுமார் 100 கிராம். கண் திறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். பார்க்க வரும் கூட்டமும் சத்தமும் குறைந்தால் இடமாற்றமும் குறையும். இரண்டு வாரத்துக்குப் பிறகு தினமும் கொஞ்ச நேரம் கையில் எடுத்துப் பழக்கினால் மனிதர்களோடு ஒட்டும். மாட்டுப்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும், வேண்டாம். நான்கு வாரத்தில் திட உணவைத் தொடங்கலாம். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது.

மீன் மார்க்கெட் ஒரு தீர்வல்ல

கோணிப்பையில் கட்டி மீன் மார்க்கெட்டிலோ கோயில் வாசலிலோ விட்டுவந்தால் பிழைத்துக்கொள்ளும் என்பது நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்ளும் பேச்சு. பால்குடி மறக்காத குட்டி பசியிலோ குளிரிலோ தெருநாய் வாயிலோ சாகும். 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி, பட்டினியால் வாடும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான் என்பது சட்டத்தின் பலவீனம். குற்றம் குற்றம்தான்.

வீடு தேடும் வேலையைக் குட்டிகள் பிறந்ததுமே தொடங்குங்கள். சொந்தக்காரர்கள், அலுவலகம், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு என்று கேட்டுப் பாருங்கள். வாங்க வருகிறவரிடம் பால்கனிக்கு வலை போட்டிருக்கிறாரா, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார் என்று கேட்கத் தயங்காதீர்கள். வளர்ந்ததும் கருத்தடை செய்வேன் என்று உறுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

தாயை மறந்துவிட வேண்டாம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி சினையாகலாம். குட்டிகள் பால் மறந்து, மடி வற்றியதும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிடுங்கள். அதுவரை கதவும் ஜன்னலும் மூடியே இருக்கட்டும்.

‘ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது’ என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைகளுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனைகள் இருக்கின்றன. தனியார் மருத்துவர்களும் செய்கிறார்கள். உங்கள் வீட்டுக் குட்டிக்கு நான்கு மாதம் ஆகிறதா? ஆணோ பெண்ணோ, இந்த வாரமே மருத்துவரிடம் காட்டி, ஐந்தாவது மாதம் முடிவதற்குள் ஆபரேஷனை முடித்துவிடுங்கள்.