என்லார்ஜர் வாங்கப் போகிறவருக்கு

பிலிமில் படம் பிடிப்பதில் சிரத்தையுள்ளவர்கள்கூட, காமிராவைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொள்ளும் பிரயாசையில் பாதியையும் என்லார்ஜரைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொள்வதில்லை என்பது வருந்தத்தக்கது. ஏனெனில், எத்தகைய உயர்ந்த லென்ஸால் எடுத்த நெகட்டிவானாலும், அதிலுள்ள சூக்ஷ்மமான விவரங்கள் யாவும் இருட்டறையில் இன்னொரு லென்ஸைக் கடந்தே காகிதத்தை அடைய வேண்டும். 36 மில்லிமீட்டர் நீளமுள்ள நெகட்டிவ் 10 அங்குல நீளப் பிரிண்டாகும்போது ஏறத்தாழ 7 மடங்கு பெரிதாகிறது. கருவியின் குறைகளும் அந்தப் பெருக்கத்திலேயே வெளிப்படுகின்றன.

என்லார்ஜரின் அமைப்பு எளிமையானதே. உச்சியில் விளக்கு, அதன் கீழே நெகட்டிவைத் தாங்கும் சட்டம், துருத்தி, லென்ஸ், இவற்றைச் சுமந்து தூணில் ஏறி இறங்கும் தலைப்பகுதி, அடியில் காகிதத்தை வைக்கும் பலகை, இவ்வளவுதான். ஆகவே முதலில் யோசிக்க வேண்டியது நாம் பயன்படுத்தும் நெகட்டிவின் அளவு. 35 மில்லிமீட்டர் பிலிம் மட்டுமே போதும் என்பவருக்கு, ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தார் செய்த, தலையை ஏற்றி இறக்கும்போது குவியம் தானே பொருந்தும் ஃபோகோமாட் போன்ற கருவி பரம திருப்தி அளிக்கும். என்றாவது 120 ரோல் பிலிமிலும் படமெடுக்க எண்ணமுண்டெனில், 6×6 சென்டிமீட்டர் நெகட்டிவை ஏற்கும் கருவியை வாங்குவதே விவேகம். பெரிய கருவியில் சிறிய நெகட்டிவையும் அச்சிடலாம். சிறியதில் பெரியதற்கு இடமில்லை. சிறிய நெகட்டிவுக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸும், 6×6-க்கு 75 அல்லது 80 மில்லிமீட்டர் லென்ஸும் உரியவை.

அடுத்தது வெளிச்சம். கண்டென்சர் லென்ஸ்களால் ஒளியைத் திரட்டிச் செலுத்தும் கருவிகளில், நெகட்டிவின் அடர்ந்த பகுதிகளிலுள்ள வெள்ளித் துகள்கள் அவ்வொளியைச் சிதறடித்து விடுவதால், கறுப்பு வெள்ளைப் படத்தில் மாறுபாடு மிகுந்து தோன்றும்; 1909-இல் ஆந்த்ரே காலியர் ஆராய்ந்து எழுதிய இந்த விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒளியைப் பரப்பித் தரும் கருவிகளிலோ மாறுபாடு சற்றுத் தணிந்திருப்பதோடு, நெகட்டிவின் தூசியும் கீறலும் அவ்வளவாகக் கண்ணில் படா. இரண்டிலும் நல்ல பிரிண்ட் எடுக்கலாம். ஆனால் பில்டரின் நிறத்துக்கேற்ப மாறுபாடு மாறும் மல்டிகிரேட் காகிதத்தில் அச்சிட விரும்புபவர், விளக்குக்கும் நெகட்டிவுக்கும் இடையே பில்டர் வைக்கும் வசதி உண்டா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

இவை அனைத்தினும் முக்கியமாக நான் கருதுவது ஸ்திரத்தன்மை. தலையை உச்சிக்கு ஏற்றி விரலால் மெல்லத் தட்டினால் ஆட்டம் உடனே அடங்கவேண்டும். நடுங்கிக்கொண்டே இருக்கும் கருவி, விலை எவ்வளவு மலிவானாலும், நமக்கு வேண்டாம். நெகட்டிவ், லென்ஸ், பலகை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதும் அத்தியாவசியம். இதை அறிய, முழுதும் கறுத்த பிலிம் துண்டொன்றில் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, விளக்கேற்றி, லென்ஸின் துவாரத்தை முழுதும் திறந்து, பலகையில் விழும் வெள்ளைக் கோடுகளைப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். நடுவில் கூர்மையாயிருக்கும் கோடு ஒரு மூலையில் மட்டும் மங்கினால், ஏதோ ஒன்று சாய்ந்திருக்கிறது. அதைத் திருத்துவதற்குரிய திருகுகள் உண்டா என்று விசாரிக்க வேண்டும். நான்கு மூலைகளும் ஒருசேர மங்கினால், லென்ஸின் குறையோ பிலிமின் வளைவோ காரணமாகலாம்.

பழைய கருவி வாங்குவோர், லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நூலிழை போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். எல்-நிக்கர், ரோடகான், கம்பொனான் ஆகிய லென்ஸ்கள் கீர்த்தி பெற்றவை. அவற்றின் துவாரத்தை இரண்டு மூன்று படிகள் சுருக்கி அச்சிட்டால் கூர்மை சிறப்பாக அமையும். கையில் உள்ள பணம் குறைவெனில், அலங்கார வசதிகளைத் தயங்காமல் விட்டுவிடலாம். உறுதியான தூணையும் நல்ல லென்ஸையும் மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்கலாகாது.