அந்நியன் சூட்டிய பெயர்

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நம் தீவுகளுக்குத் தம் தாயகத்து நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். இன்று காரைநகர் எனப்படும் காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. ஆட்சிச் செருக்கு என்று அதனை எளிதில் சொல்லிவிடலாம். ஆயினும், பனையும் உவர்நீருமே கண்ட அந்நியனுக்குத் தன் ஊர்ப்பெயரை உச்சரிப்பதும் ஓர் ஆறுதலாக இருந்திருக்குமன்றோ?

அப்பெயர்களுள் இன்றும் பெருவழக்காய் நிலைத்தது ‘டெல்ஃப்ட்’ ஒன்றே. அதுவும் ஆங்கிலத்தில்தான், குறிகட்டுவானில் படகேறும் தீவாருக்கு அது என்றும் நெடுந்தீவே.

இன்று கனடாவில் குடியேறிய நம்மவர், தம் சங்கங்களுக்குப் புங்குடுதீவு என்றும் அனலைதீவு என்றும் ஊர்ப்பெயர் சூட்டுகின்றனர். ஒல்லாந்தனின் ஏக்கம் இப்போது நமக்கும் விளங்குகிறது. ஆனால் அவன் பிறர் ஊரின் பெயரை மாற்றினான்; நம்மவரோ தம் ஊரின் பெயரைக் காத்துவருகின்றனர்.